நெல்லி இலையிலிருந்து ஜெல் பட்டை வரை: மரபு வேறுபாட்டை அளந்த செய்முறைப் பதிவு

கேள்வி ஒன்றுதான். எங்கள் சேகரிப்பில் இருக்கும் 24 நெல்லி மரங்களில் எத்தனை மரங்கள் மரபில் உண்மையாகவே வேறு வேறானவை? அவற்றில் பெயர் பெற்ற ஒட்டு ரகங்கள் உண்டு, விதை முளைத்து வளர்ந்தவை உண்டு, காட்டு மரங்களின் விதையிலிருந்து வளர்த்தவையும் உண்டு. காயின் பருமன், நிறம், கோடுகள், இலையின் நீளம் ஆகியவற்றை வைத்து முன்பே ஒரு பட்டியல் போட்டிருந்தோம். ஆனால் காயின் பருமன் மரத்தின் வயதுக்கும் கிடைத்த தண்ணீருக்கும் ஏற்ப மாறிவிடும். ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய இரண்டு கன்றுகள் வேறு வேறு மண்ணில் நின்றால் இரண்டு ரகங்கள் போலவே தோன்றும். அதனால்தான் டிஎன்ஏ குறியீடுகளைத் தேடிப் போனோம்.

நெல்லியின் ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே மரத்தில் தனித்தனியாகப் பூக்கின்றன. காய் பிடிக்கப் பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போல இருப்பதில்லை. ரகத்தைக் காப்பாற்ற மொட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். இந்த இயல்பு எங்கள் ஆய்வுக்கு ஒரு உரைகல்லையும் தந்தது. என்ஏ-7 என்ற ரகம் ஃபிரான்சிஸ் என்ற ரக மரத்தில் இயற்கையாக மகரந்தச் சேர்க்கை நடந்து கிடைத்த விதைக்கன்று. கிருஷ்ணா ரகம் பனாரசி ரகத்திலிருந்தும், காஞ்சன் ரகம் சக்கையா ரகத்திலிருந்தும் அவ்வாறே வந்தவை. தாய் தெரியும், தந்தை தெரியாது. தாயும் சேயும் இப்படித் தெரிந்திருக்கும் ஜோடிகளை எங்கள் குறியீடுகள் நெருக்கமாகக் காட்டாவிட்டால், பிறப்பு தெரியாத மற்ற மரங்களைப் பற்றி அவை சொல்வதையும் நம்ப முடியாது.

எந்தக் குறியீடு என்பதை விரைவில் முடிவு செய்துவிட்டோம். 1990இல் வந்த ஆர்ஏபிடி என்ற குறியீட்டு முறைக்கு 10 எழுத்து நீளமுள்ள ஒரு பிரைமர் போதும் (பிரைமர் என்பது டிஎன்ஏவில் ஒட்டி, அங்கிருந்து நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு; எழுத்துகள் என்பவை டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி). மரத்தின் மரபு வரிசை எதுவும் முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை. ஆனால் குட்டையான அந்தப் பிரைமர் ஒட்டுவதற்கு வெப்பநிலையை 36° செ. அளவுக்கு இறக்க வேண்டும். அங்கே பாதி பொருந்தும் இடங்களிலும் அது ஒட்டிக்கொள்ளும், டிஎன்ஏவின் அளவு சற்று மாறினாலும் பட்டைகள், அதாவது பெருகிய துண்டுகள் ஜெல்லில் காட்டும் கோடுகள், மாறிவிடும். குறுந்தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் படிக்கும் எஸ்எஸ்ஆர் குறியீடு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த அல்லீல்களை (ஒரே மரபிடத்தின் மாற்று வடிவங்களை) தனித்தனியே காட்டும். தகவல் அதில்தான் அதிகம், ஆனால் அந்த இனத்துக்கென வடிவமைத்த பிரைமர்கள் வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட குரோமோசோம் தொகுதிகள் உள்ள மரமானால் ஒரே இடத்தில் நாலைந்து அல்லீல்கள் எழும், படிப்பது சிரமம். இடையில் நிற்பது 1994இல் அறிமுகமான ஐஎஸ்எஸ்ஆர், அத்தகைய இரு தொடர்களுக்கு நடுவில் இருக்கும் துண்டைப் பெருக்குவது. அதன் பிரைமர் 16 முதல் 18 எழுத்து நீளம் இருப்பதால் 50° செ.யை ஒட்டிய வெப்பநிலையில் உறுதியாக ஒட்டும். அதையே எடுத்துக்கொண்டோம். குறை ஒன்று உண்டு: பட்டை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும். இருக்கிற பட்டை ஒரு பெற்றோரிடமிருந்து வந்ததா, இருவரிடமிருந்தும் வந்ததா என்பது அதில் தெரியாது.

இலை எடுப்பது

நெல்லியில் கூட்டிலை போலத் தெரிவது உண்மையில் ஒரு சின்னக் கிளை. அதன் இரு பக்கமும் தனி இலைகள் வரிசையாக அமைந்திருக்கும், உதிரும்போது இலைகளோடு அந்தக் கிளையும் சேர்ந்து உதிரும். புதிதாகத் துளிர்த்த கிளைகளின் வெளிர்பச்சை இலைகளை மட்டுமே எடுத்தோம். முற்றிய இலையில் துவர்ப்புப் பொருள்களும் பசைச் சர்க்கரைகளும் மிகுதி.

ஒட்டு மரங்களில் இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே இருப்பது வேர்ச்செடி, அதன் மரபு வேறு. அடியிலிருந்து கிளம்பும் போத்துகள் சில மரங்களில் மேல் கிளைகளோடு கலந்து நிற்கும். அங்கிருந்து ஒரு இணுக்கைப் பறித்துவிட்டால் ரகத்தின் பெயரில் வேர்ச்செடியின் டிஎன்ஏவைத்தான் படித்துக்கொண்டிருப்போம். அதனால் ஒவ்வொரு மரத்திலும் ஒட்டுத் தழும்பைக் கண்ணால் பார்த்து, அதற்கு மேலே கிளையைத் தொடர்ந்து போய்த்தான் இலை பறித்தோம். தழும்பு மறைந்துபோன வயதான மரங்களில் உச்சிக் கிளைகளிலிருந்து எடுத்தோம்.

விதை வழி மரங்களில் கவனம் வேறு. ஒரே மரத்தடியில் விழுந்த விதைகளிலிருந்து வந்தவற்றைச் சேர்த்துக்கொண்டால் வேறுபாடு குறைவாகத் தெரியும். மாறாக, வேறு இனம் ஒன்று தெரியாமல் நுழைந்துவிட்டால் வேறுபாடு பொய்யாக உயரும். தென்னிந்தியக் காடுகளில் நெல்லியோடு பில்லாந்தஸ் இண்டோஃபிஷெரி என்ற நெருங்கிய இனமும் வளர்கிறது. காயைப் பொறுக்கிப் பார்த்தால் அதுவும் நெல்லிதான் என்று தோன்றும். ஆகவே காட்டு விதை மரங்கள் ஒவ்வொன்றிலும் இலை, பூ, காய் மூன்றையும் இன விளக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டே பட்டியலில் சேர்த்தோம். ஒப்பிடுவதற்கான வெளி இனமாக, அதாவது புறக்குழுவாக, அருநெல்லியை வைத்துக்கொண்டோம்.

பறித்த இலைகளைக் காகித உறையிலிட்டு, இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு சிலிகா ஜெல்லில் புதைத்துக் காயவைத்தோம். நீலச் சிலிகா இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், உடனே மாற்ற வேண்டும். மெதுவாகக் காயும் இலை பழுப்பாகிவிடும், அதிலிருந்து நல்ல டிஎன்ஏவை எதிர்பார்க்க முடியாது.

துவர்ப்போடு போராட்டம்

நெல்லியை மருந்தாக்கும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள்தான் ஆய்வுக்கூடத்தில் முதல் எதிரி. இலையை அரைக்கும்போது செல்கள் உடைகின்றன, பாலிஃபீனால்கள் (டானின்களும் இவ்வகையே) காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அப்படி உருவாகும் குவினோன்கள் டிஎன்ஏவோடு நிலையாகப் பிணைந்துகொள்ளும். அதற்குப் பிறகு எந்தக் கழுவலும் அவற்றைப் பிரிக்காது. குழாயின் அடியில் படியும் வண்டல் பழுப்பாக இருந்தால் இது நடந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது எதிரி பசைச் சர்க்கரைகள். டிஎன்ஏவோடு அவையும் ஆல்கஹாலில் படியும், பின்பு கரையாமல் கஞ்சிப் பதத்தில் குழாயில் நிற்கும், பிப்பெட்டில் ஏறாது.

அடிப்படை முறை, சிடிஏபி என்ற சோப்பு போன்ற பொருளால் செல்களை உடைத்து டிஎன்ஏ எடுக்கும், பலரும் அறிந்த சிடிஏபி முறைதான். வழக்கமான கரைசலில் 2% சிடிஏபி, 1.4 மோலார் உப்பு, 20 மில்லிமோலார் இடிடிஏ, 100 மில்லிமோலார் டிரிஸ் ஆகியவை இருக்கும், பிஎச் 8. நெல்லிக்காக அதில் மூன்று மாற்றங்கள் செய்தோம். உப்பை 2 மோலாருக்கு மேல் ஏற்றினோம். உப்பு மிகுந்தால் பசைச் சர்க்கரைகள் கரைசலிலேயே தங்கிவிடும், டிஎன்ஏ மட்டும் படியும். பிவிபி என்ற பாலிமரை 2% சேர்த்தோம், அது பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும். பீட்டா மெர்காப்டோஎத்தனாலை 0.2 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தி, பயன்படுத்தும் நேரத்தில்தான் கலந்தோம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது அதன் வேலை, முன்கூட்டியே கலந்து வைத்தால் வீரியம் போய்விடும். நாற்றம் கடுமையானது, புகையுறிஞ்சும் அறைக்குள்தான் திறக்க வேண்டும்.

இந்த மூன்றையும்விட அதிகம் உதவியது சார்பிட்டால் முன்கழுவல். காய்ந்த இலையைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் கல்வத்தில் மாவாக்கி, நேராகச் சிடிஏபியில் போடாமல், முதலில் 0.35 மோலார் சார்பிட்டால் கரைசலில் கலக்கிச் சுழற்றினோம். இந்தக் கரைசலில் செல் உட்கருக்கள் உடைவதில்லை. டிஎன்ஏ அடியில் பத்திரமாக இருக்க, பசையும் துவர்ப்பும் மேல்நீரோடு போய்விடுகின்றன. மேல்நீரைக் கொட்டிவிட்டு, குழாயைச் சாய்த்தால் நூல் இழுக்காமல் தண்ணீராக ஓடும் வரை திரும்பக் கழுவினோம். எந்த விலை உயர்ந்த கிட்டுக்கும் முன்னால் இந்த எளிய கழுவலைச் செய்து பாருங்கள் என்பேன். வில்வம், நாவல் போன்ற மரங்களில் வேலை செய்பவர்களும் இதையே முதலில் முயலலாம்.

பிறகு நடந்தவை வழக்கமான படிகள். 65° செ.யில் சிடிஏபி ஊறல், 24:1 விகிதத்தில் குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும், ஐசோபுரொப்பனாலில் படிய வைத்தல், 70% எத்தனால் கழுவல், ஆர்என்ஏஸ் நொதி. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: ஐசோபுரொப்பனால் சேர்த்த பிறகு இரவு முழுக்கக் குளிரில் வைத்தால் டிஎன்ஏ கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். நெல்லி போன்ற பசை மிகுந்த மரத்தில் கூடுவது பெரும்பாலும் சர்க்கரைதான். அறை வெப்பநிலையில் சில நிமிடங்கள் போதும்.

ஒளி அளவீட்டில் 260, 280 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம், அதாவது 260/280, 1.8 அளவில் இருந்தால் புரதம் போய்விட்டது எனலாம். நெல்லியில் அதைவிட 260/230 விகிதத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அது 2ஐ ஒட்டி இல்லாமல் 1க்குக் கீழே இருந்தால் சர்க்கரையோ ஃபீனாலோ உப்போ இன்னும் இருக்கிறது. கருவி காட்டும் டிஎன்ஏ அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்என்ஏவும் ஃபீனால்களும் அதே ஒளியை உறிஞ்சுவதால் எண் வீங்கித் தெரியும். 0.8% அகரோஸ் ஜெல்லில் அளவு தெரிந்த லாம்டா டிஎன்ஏவின் பக்கத்தில் ஓட்டி, பட்டையின் பிரகாசத்தை ஒப்பிட்டு அளவைத் தீர்மானித்தோம்.

சில மாதிரிகள் ஜெல்லில் அழகாகத் தெரிந்தும், டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் பட்டையே எழவில்லை. டிஎன்ஏ கெட்டுவிட்டதா, உள்ளே ஏதேனும் தடுக்கிறதா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் வேறொரு மாதிரியின் பிசிஆர் குழாயில் இந்த டிஎன்ஏவைச் சிறிது சேர்த்து ஓட்டுவது. அதுவும் நின்றுபோனால் தடுப்பான் இருக்கிறது. எங்கள் மாதிரிகளில் நடந்தது அதுதான். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து, கலவையில் பிஎஸ்ஏ புரதம் சேர்த்ததும் பட்டைகள் எழுந்தன. நீர்த்தால் டிஎன்ஏவோடு தடுப்பானும் குறைகிறது. பிசிஆருக்குக் குறைந்த டிஎன்ஏ போதும், தடுப்பான் தடுக்க ஒரு அளவு தேவை. இந்த வேறுபாடுதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

பிரைமரும் வெப்பநிலையும்

ஐஎஸ்எஸ்ஆர் பிரைமர் என்பது மரபில் திரும்பத் திரும்ப வரும் ஈரெழுத்தைப் போன்ற ஒரு சங்கிலி. ஏஜி எட்டு முறை, முடிவில் நங்கூரமாக ஒரு டி. ஜிஏ எட்டு முறை, முடிவில் ஒரு சி. எதிரெதிராக இரண்டு இடங்களில் அது ஒட்டினால் நடுவில் இருக்கும் துண்டு பெருகும். அந்தக் கடைசி எழுத்து இல்லாவிட்டால் பிரைமர் தொடரின் மேல் வழுக்கி, துண்டின் நீளம் ஒவ்வொரு முறையும் மாறும். ஏடி தொடர்களைத் தொடவில்லை, அவை தமக்குள்ளேயே இணைந்துகொள்ளும்.

ஒட்டும் வெப்பநிலையை முதலில் கணக்கிலிருந்து எடுத்தோம். ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2°, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4°. ஏஜி எட்டும் ஒரு டியும் சேர்ந்தால் 18 உடன் 32 கூட்ட 50° செ. ஜிஏ எட்டும் ஒரு சியும் என்றால் 52° செ. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒவ்வொரு பிரைமரையும் படிநிலை வெப்பநிலையில் ஓட்டி, பட்டைகள் கூர்மையாக நிற்கும் மிக உயர்ந்த வெப்பநிலையைத் தேர்ந்துகொண்டோம். கீழே இறங்கினால் பட்டைகள் அதிகமாகக் கிடைக்கும், ஆனால் அந்த மிகுதியில் பாதி மறுமுறை வராது. 94° செ.யில் தொடக்கம், 35 சுற்றுகள், 72° செ.யில் நீட்சி, கடைசியில் சற்று நீண்ட நீட்சி.

பட்டையை எண்ணுவது

முழு ஆய்வும் நிற்பதோ விழுவதோ இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. மென்பொருள் எதுவானாலும் அதற்குப் போவது 1, 0 என்ற எண்களின் அட்டவணை. அந்த எண்களை எழுதுவது மனிதக் கண்.

2% ஜெல்லில் மெதுவாக ஓட்டினோம். முதல் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே விதிகளை எழுதி வைத்துக்கொண்டோம். 200 முதல் 2000 டிஎன்ஏ எழுத்து இணைகள் வரை நீளமுள்ள பட்டைகள் மட்டும். மங்கலாக இருந்து, மறுமுறை ஓட்டும்போது வராத பட்டை அட்டவணையில் ஏறாது. ஒரு பட்டை கூர்மையாகவும் பக்கத்துத் தடத்தில் அதே இடத்தில் மங்கலாகவும் இருந்தால் இரண்டுமே 1, ஏனென்றால் பிரகாசம் மரபைச் சொல்வதில்லை. டிஎன்ஏ சேர்க்காத வெற்றுக் குழாய் ஒவ்வொரு ஓட்டத்திலும் உண்டு. அதில் பட்டை எழுந்தால் அந்த ஜெல்லே கணக்கில் இல்லை. படங்களை இரண்டு பேர் ஒருவர் மற்றவரின் தாளைப் பார்க்காமல் எண்ணினோம்.

ஒரே மரத்தின் வேறு கிளைகளிலிருந்து இலை எடுத்து, டிஎன்ஏ எடுப்பதிலிருந்து தொடங்கி எல்லாப் படிகளையும் தனியே செய்த இரட்டை மாதிரிகளையும், மரத்தின் பெயரை மறைத்து, வரிசையில் கலந்து வைத்தோம். இரட்டைகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அதுதான் முறையின் பிழை. இரண்டு மரங்களுக்கு இடையே தெரியும் வேறுபாடு இந்தப் பிழையைத் தாண்டாவிட்டால் அவை வேறு மரங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இரட்டைகளை ஓட்டாமல் வெளிவரும் உறவுப் படங்களை நான் நம்புவதில்லை.

அட்டவணையிலிருந்து படம்

இரண்டு மரங்களில் 40 பட்டைகள் பொதுவாக இருக்கின்றன, 6 முதல் மரத்தில் மட்டும், 4 இரண்டாவதில் மட்டும், 30 இடங்களில் இரண்டிலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஜக்கார்டு எண் பொதுப் பட்டைகளை, ஏதேனும் ஒன்றிலாவது இருக்கும் பட்டைகளால் வகுப்பது: 40ஐ 50ஆல் வகுக்க 0.80. இல்லாமையையும் ஒற்றுமையாக எண்ணும் எளிய பொருத்தம் 70ஐ 80ஆல் வகுத்து 0.875 தரும். பட்டை இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம். இல்லாமல் போக, பிரைமர் ஒட்டும் இடம் மாறியது, நடுவில் துண்டு நீண்டது, வினை தோற்றது எனப் பல காரணங்கள். ஆகவே ஜக்கார்டைத்தான் எடுத்தோம்.

ஒரு குறியீடு மரங்களை எவ்வளவு பிரித்துக் காட்டும் என்று சொல்லும் பிஐசி என்ற தகவல் எண்ணிலும் எச்சரிக்கை வேண்டும். இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும் குறியீட்டில் அது 0.5ஐத் தாண்டவே முடியாது. பட்டை பாதி மரங்களில் இருந்தால் 0.5, பத்தில் ஒரு பங்கு மரங்களில் இருந்தால் 0.18. எஸ்எஸ்ஆரில் அந்த உச்சவரம்பு இல்லை. இரண்டின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐஎஸ்எஸ்ஆர் பலவீனமானது என்று எழுதுவது நியாயமல்ல.

சராசரித் தூரத்தை வைத்துப் படிப்படியாகக் கூட்டம் சேர்க்கும் யுபிஜிஎம்ஏ முறையில் வரைந்த உறவுப் படத்தைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. எந்த எண்களைக் கொடுத்தாலும் அது ஒரு மரப்படம் வரைந்து தரும், தற்செயல் எண்களுக்கும்கூட. படத்திலிருந்து திரும்பக் கணக்கிட்ட தூரங்கள் மூலத் தூரங்களோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கோஃபெனெட்டிக் ஒட்டுறவால் பார்த்தோம். பட்டைகளைத் தற்செயலாகத் திரும்பத் திரும்ப மறுதேர்வு செய்து ஒவ்வொரு கிளையின் உறுதியையும் சோதித்தோம். அந்த உறுதி எண்கள் குறைவாக இருந்த உட்கிளைகளைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அருநெல்லி தனியே வெளியில் நின்றது. ஆனால் அவ்வளவு தூரத்து இனத்தில் ஒரே நீளமுள்ள பட்டை ஒரே மரபு வரிசையாக இருக்கும் என்ற நம்பிக்கை குறைவு. அதனால் அதன் தூர எண்ணை நாங்கள் பொருட்படுத்தவில்லை, வேரைக் குறிக்க மட்டும் பயன்படுத்தினோம்.

பிறப்பு தெரிந்த தாய்-சேய் ஜோடிகள் நெருக்கமாகவே அமைந்தன. அதன் பிறகுதான் மற்றவற்றைப் படிக்கத் துணிந்தோம். விதை வழி மரங்கள் எதிர்பார்த்தபடியே பரந்து சிதறின. ஒட்டு ரகங்கள் ஓர் இறுக்கமான கூட்டமாக நின்றன. ஒரு சில தாய்மரங்களிலிருந்தே ரகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டால் இப்படித்தான் இருக்கும். வேறு வேறு பெயரில் வந்திருந்த இரண்டு மரங்களுக்கிடையே தெரிந்த வேறுபாடு இரட்டை மாதிரிகளின் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அவற்றின் காய்ப் பருமனில் தெரிந்த வேறுபாட்டுக்கு மண்ணும் நீருமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த அளவு பட்டைகளை வைத்து அவை ஒரே ரகம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிரித்துக் காட்ட முடியவில்லை என்று மட்டும் எழுதினோம்.

இந்தப் படம் மருந்துக் குணத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஐஎஸ்எஸ்ஆர் பட்டைகளில் பெரும்பாலானவை எந்தக் குணத்தோடும் நேரடித் தொடர்பில்லாத மரபுப் பகுதிகளிலிருந்து வருபவை. காயில் இருக்கும் வைட்டமின் சி, காலிக் அமிலம், எம்ப்ளிக்கானின் ஆகியவற்றின் அளவு காயின் முதிர்ச்சியோடும் பருவத்தோடும் மாறும். படத்தில் தனித்து நிற்கும் மரம் மருந்தில் சிறந்தது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதை அறிய ஒரே பருவத்தில், ஒரே முதிர்ச்சியில் காய்களை எடுத்து வேதி அளவீடு செய்ய வேண்டும். பிறகு வேதித் தூரத்தையும் டிஎன்ஏ தூரத்தையும், இரண்டு தூர அட்டவணைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் மான்டெல் சோதனையில் வைத்துப் பார்க்கலாம்.

பாதுகாப்புக்கான தேர்வுக்கு இந்தப் படம் நேரடியாகப் பயன்படுகிறது. எல்லா மரங்களையும் ஒட்டுக் கட்டிப் பெருக்க இடம் போதாது. ஆகவே பட்டைகளில் பெரும்பகுதியைக் குறைந்த மரங்களில் அடக்கும்படி ஒரு சிறு தொகுப்பைத் தேர்ந்திருக்கிறோம். வேறெந்த மரத்திலும் இல்லாத பட்டையைச் சுமக்கும் காட்டு விதை மரங்கள் அதில் முதலில் இடம்பெற்றன. பிரித்துக் காட்ட முடியாத அந்த ஜோடியை எஸ்எஸ்ஆர் குறியீடுகளில் ஓட்ட எடுத்து வைத்திருக்கிறோம். வெட்டாத ஜெல் படங்கள், இருவரும் எண்ணிய தாள்கள், பிரைமர் வரிசைகள், ஒட்டும் வெப்பநிலைகள் ஆகிய அனைத்தும் அட்டவணையோடு ஒரே கோப்பில் இருக்கின்றன. டிஎன்ஏ குழாய்கள், டிஎன்ஏவைக் கெடாமல் காக்கும் டிஇ கரைசலில் உறைநிலைப் பெட்டியில் உள்ளன, ஒவ்வொன்றின் மேலும் மரத்தின் எண்ணும் இலை எடுத்த கிளையின் திசையும் எழுதப்பட்டிருக்கின்றன.